ஈட்டுக் கடனும் வீட்டு மாற்றும்

நேயர்களே, யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றில் காணி உறுதிகளைக் கட்டிப் பேணும் பெட்டியொன்று இருக்கும். அதிலுள்ள உறுதிகளை வகைப்படுத்தினால் அவை பெரும்பாலும் ஐந்து பெயர்களுள் அடங்கும். விலைக்குக் கொடுத்து முற்றாக நீங்கியது அறுதி. மகளுக்கு மணத்தின்போது எழுதியது சீதனம். காணியின் அனுபோகத்தையும் கடன் தந்தவனிடம் ஒப்படைத்தது ஒற்றி. அனுபோகத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு கடனுக்குப் பொறுப்பாகக் காணியைக் காட்டியது ஈடு. ஒரு காணியைக் கொடுத்து அதற்கு ஈடான வேறொன்றைப் பெற்றது மாற்று. இவ்வைந்தனுள் முதல் நான்கைப்பற்றிப் பலரும் பேசுவர். ஐந்தாவதாகிய மாற்று உறுதியைப்பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். உறவினருக்குள் அமைதியாக நடந்து முடிவதாக நாம் நினைக்கும் காரியம் அது. ஆயினும் மாறுகின்ற வீடுகள் இரண்டின்மீதும் ஈட்டுக் கடன் இருக்குமாயின், அஃது எளிய காரியமாக இருப்பதில்லை. ஏன் இருப்பதில்லை என்பதையும், நமது நாட்டுச் சட்டம் 300 ஆண்டுகளாக அச்சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டது என்பதையும் இப்பேச்சிலே நோக்குவோம்.

முதலில், உறவினர் காணியையும் வீட்டையும் மாற்றிக்கொள்ள நேர்வது ஏன் என்று பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலம் சிறிது, பங்காளர் பலர். 16 பரப்பு ஓர் ஏக்கராகும். ஒரு குடும்பத்தின் வளவோ சில பரப்புக்களைத் தாண்டுவது அரிது. தந்தையின் முதுசமும் தாயின் சீதனமும் பிள்ளைகளிடையே பிரியும்போது, ஒரு மகளுக்கு வடக்கே ஒரு துண்டும் தெற்கே ஒரு துண்டும் வந்து சேரும். ஒரு கிணற்றிலே நாலிலொன்று, இன்னொரு கிணற்றிலே எட்டிலொன்று என நீர்ப்பங்கும் சிதறும். வழியும் வாய்க்காலும் பிறர் காணியூடே செல்லும். இவ்வாறு சிதறியவற்றை விலைக்கு விற்று வேறு வாங்குவதென்றால் பணம் வேண்டும். மாற்றிக்கொள்வதற்கோ மனம் ஒத்தாற் போதும். ஆகவே அண்ணன் தங்கைக்கும், தங்கை மச்சாளுக்கும், சிற்றப்பன் பெறாமகனுக்கும் காணியை மாற்றிக் கொடுத்துத் துண்டுகளை ஒன்றுசேர்த்தனர். நகரத்தில் உத்தியோகம் பெற்றவர் கிராமத்து வீட்டைக் கொடுத்து நகரத்து வீட்டைப் பெறுவதும், முதுமையடைந்த பெற்றோரைப் பராமரிக்கும் மகள் அவர்களுக்கு அருகிலுள்ள சகோதரியின் வீட்டைப் பெறுவதும் இவ்வகையினவே.

இனிக் கடன் வந்த வழியைப் பார்ப்போம். மகளின் மணத்துக்காக, மகனின் படிப்புக்காக, வீட்டுக்குக் கற்சுவர் எழுப்புவதற்காகக் காணியை ஈடுவைக்காத குடும்பம் குறைவு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலைபார்த்த யாழ்ப்பாணத்தவர், ஊருக்கு அனுப்பிய பணத்திற் பெரும்பங்கைக் காணி வாங்கவும், ஒற்றியும் ஈடும் மீட்கவும் செலவிட்டனர். கடன் கொடுத்தவருட் சிலர் அயலவர், சிலர் உறவினர், சிலர் நாட்டுக்கோட்டைச் செட்டிமார். 1931 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரச ஈட்டு வங்கி அமைந்தபின் கடன்காரன் முகமறியாத ஒரு நிறுவனமாகவும் ஆயினான். வீட்டை மாற்ற எண்ணும் இரு உறவினர் மனத்திலே எப்பொழுதும் இருவரே இருப்பர். சட்டத்தின் கண்ணிலோ அவ்வீடுகளுக்குக் கடன் கொடுத்த மூன்றாமவனும் நான்காமவனும் அங்கே நிற்கின்றனர்.

இம்மூன்றாமவனைச் சட்டம் மறந்ததேயில்லை. இதை அறிவதற்குத் தேசவழமைச் சட்டத் தொகுப்பையே முதலில் நாடவேண்டும். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் போர்த்துக்கேயர் கைப்பற்றினர். 1658 இல் ஒல்லாந்தர் அவர்களிடமிருந்து அதனைப் பெற்றனர். வழக்குத் தீர்க்கும் ஒல்லாந்த அதிகாரிகளுக்கு ஊர்வழக்கம் தெரியவில்லை. ஆகையால் தேசாதிபதி கோர்ணேலிஸ் யோவான் சீமோன்ஸ் என்பவரின் கட்டளைப்படி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்பகுதியில் வாழ்ந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை இங்குள்ள வழக்கங்களைத் திரட்டி எழுதினார். அதனைத் தமிழிற் பெயர்த்து 12 முதலிமாரிடம் கொடுத்துச் சரிபார்த்தபின், 1707 இல் அது சட்டமாக வழங்கப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணம் அதற்கு மீண்டும் முழு வலுவையும் அளித்தது.

அத்தொகுப்பிலே ஒற்றிக்குத் தனியிடம் உண்டு. ஒற்றியிலே பணத்துக்கு வட்டி கிடையாது. காணியின் விளைவே வட்டி. வீடாயின் ஒற்றிக்காரன் அதிற் குடியிருப்பதே வட்டி. மீட்க விரும்பும் உரித்தாளி நினைத்த நாளில் மீட்க முடியாது. வரகு விளையும் நிலம், நெல் வயல், பனந்தோட்டம் என ஒவ்வொன்றுக்கும் உரிய பருவத்தை ஒட்டியே மீட்பு நடைபெற வேண்டும். பணத்தைக் கொடுத்துவிட்டுப் பயிரை இழப்பவனாக ஒற்றிக்காரன் ஆகிவிடக்கூடாது என்பதே அதன் கருத்து. கடன் கொடுத்தவனுக்கும் ஒரு நீதி உண்டு என்ற எண்ணம் அங்கே தெளிவாகக் காணப்படுகின்றது.

விற்பனையைப்பற்றி அத்தொகுப்புக் கூறுவது இன்னும் கவனிக்கத்தக்கது. முற்காலத்தில் ஒருவன் தன் காணியை விற்பதாயின், தன் உரித்தாளருக்கும், பங்காளருக்கும், அக்காணியை ஈடாகப் பெற்றிருக்கக்கூடிய அயற்காணிக்காரருக்கும் முதலில் அறிவித்து, அவர்கள் வாங்க விரும்பினால் அவர்களுக்கே கொடுக்க வேண்டும். பின்னர் ஒல்லாந்தர் காலத்தில், அக்கிராமத்துக்குரிய தேவாலயத்தில் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் விற்பனையை அறிவிக்கும் முறை ஏற்பட்டது. ஊர் கூடும் இடத்தில் மூன்று வாரம் உரத்துச் சொல்லப்பட்ட விற்பனைக்குப்பின், எனக்குத் தெரியாது என்று எவரும் வழக்காட முடியாது. உறவும் கடனும் கிராமமும் ஒன்றையொன்று நன்கறிந்திருந்த காலத்திலேயே இத்தனை அறிவித்தல் வேண்டியிருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

ஆங்கிலேயர் காலத்தில் ஊர் அறிதல் என்பது போய், எழுத்தும் பதிவும் வந்தன. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியை விற்பதும், கைமாற்றுவதும், ஈடுவைப்பதும் பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுக்குக் குறையாமல் ஒரே வேளையில் உடனிருக்க, எழுத்தில் நடைபெற்றாலன்றிச் செல்லுபடியாகா. 1863 இல் காணி உறுதிகளைப் பதியும் முறையும் சட்டமாயிற்று. பின்னர் 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் அதனைச் செப்பமாக்கிற்று. முன்பு தேவாலயத்திலே கேட்ட குரலின் வேலையைக் காணிப் பதிவுக் கந்தோரிலுள்ள ஏடு செய்யலாயிற்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தேவாலயத்துக் குரல் தானாகவே காதில் விழுந்தது. கந்தோர் ஏட்டையோ நாம் சென்று தேடிப் பார்த்தல் வேண்டும்.

உறவினர் செய்யும் முதற்பிழை இங்கேதான். நமக்குள் உறுதி எதற்கு என்று கூறி, வாய்ப்பேச்சாகவே வீட்டை மாற்றிக் குடியேறிவிடுவர். வாய்ப்பேச்சினால் மாற்றிய வீட்டின் உரித்து மாறுவதில்லை. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம், பிறர் உரிமையை மறுத்துத் தடையின்றிப் பத்து ஆண்டுகள் ஆட்சிசெய்தவனுக்கு உரித்தை ஒப்புக்கொள்ளும். ஆனால் அக்காள் வீட்டில் அவளுடைய சம்மதத்தோடு தங்கை இருந்தாள் என்றால், அஃது உரிமையை மறுத்த ஆட்சியா, அன்பினால் விட்ட இருப்பா என்ற கேள்வி எழும். பங்காளரிடையே இது இன்னும் கடினம். 1911 இல் இங்கிலாந்துக் கோமறைக் கழகம் நமது நாட்டு வழக்கொன்றிலே, ஒரு பங்காளியின் இருப்பு எல்லாப் பங்காளருக்குமான இருப்பாகவே கொள்ளப்படும் என்றும், மற்றவரை வெளியேற்றியதற்கு ஒப்பான செயல் இருந்தாலன்றி அஃது எதிர் ஆட்சியாகாது என்றும் தீர்த்தது. அத்தீர்ப்பு நமது நீதிமன்றங்களில் இன்றளவும் எடுத்தாளப்படுகின்றது.

இனி, உறுதியோடு செய்யும் மாற்றையே எடுத்துக்கொள்வோம். விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கை வைத்துப் பார்ப்போம். அக்காளின் வீடு நகரத்தில் உள்ளது. பெறுமதி 12,000 ரூபா. அதன்மேல் 4,000 ரூபா ஈடு. தங்கையின் வீடு கிராமத்தில் உள்ளது. பெறுமதி 9,000 ரூபா. அதன்மேல் 1,000 ரூபா ஈடு. கடனைக் கழித்தால் இருவருக்கும் எஞ்சுவது 8,000 ரூபா. வீட்டை மாற்றும்போது அவ்வவ்வீட்டின் கடனை அவ்வவ்வீட்டைப் பெறுபவரே இறுப்பதென்று பேசிக்கொண்டால் கணக்குச் சரி. ஒருவர் மற்றவருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அவ்வாறின்றி, என் கடனை நானே இறுக்கிறேன், உன் கடனை நீயே இறு என்று பேசிக்கொண்டால் என்ன ஆகும்? தங்கை 12,000 ரூபா வீட்டைப் பெற்று 1,000 ரூபா மட்டும் இறுப்பாள். அவளுக்கு எஞ்சுவது 11,000 ரூபா. அக்காள் 9,000 ரூபா வீட்டைப் பெற்று 4,000 ரூபா இறுப்பாள். அவளுக்கு எஞ்சுவது 5,000 ரூபா. இது சமமாக வேண்டுமாயின், வீட்டு விலைகளின் வேற்றுமையாகிய 3,000 ரூபாவைத் தங்கை அக்காளுக்குக் கொடுத்தல் வேண்டும். அன்பு மிகுந்த சகோதரிகள் இக்கணக்கைக் கேட்பதற்கே கூச்சப்படுவர். கூச்சத்தினால் விட்ட 3,000 ரூபா, அடுத்த தலைமுறையிலே மருமக்களுக்கிடையில் மனக்கசப்பாக முளைக்கும். கடன் அன்பை முறிக்கும் என்று கடைகளிலே எழுதி வைப்பர். பேசாது விட்ட கணக்கும் அவ்வாறே முறிக்கும்.

கணக்குச் சரியாகிவிட்டாலும் காரியம் முடிந்துவிடாது. ஈட்டைப்பற்றி நமது நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தின் அடிப்படையை இரண்டு வாக்கியங்களிற் கூறலாம். பதியப்பட்ட ஈடு மண்ணோடு போகும். கடன் அதை வாங்கிய மனிதனோடு நிற்கும். வீடு யார் கைக்கு மாறினாலும், அதன்மேலுள்ள ஈடு அதைத் தொடர்ந்து செல்லும். வீடு கைமாறிவிட்டது என்பதனால் மட்டும், ஈட்டு உறுதியிற் கையொப்பமிட்டவரின் சொந்தப் பொறுப்பு நீங்கிவிடாது.

மேற்கூறிய உதாரணத்துக்கே இதைப் பொருத்திப் பாருங்கள். நகரத்து வீட்டில் இப்போது தங்கை குடியிருக்கிறாள். ஆயினும் 4,000 ரூபாவுக்கு உறுதியிற் கையொப்பமிட்டவள் அக்காள். தங்கை இறுப்பதாக ஒப்புக்கொண்டது சகோதரிகளுக்கிடையிலான உடன்பாடு. கடன்காரன் அதற்குக் கட்டுப்பட்டவனல்லன். தங்கை தவணை தவறினால், கடன்காரன் அவளிருக்கும் வீட்டை விற்பிக்கலாம். விற்ற பணம் போதாவிட்டால் அக்காளிடமே எஞ்சியதைக் கேட்கலாம். மறுபுறத்தில், தன் கடனைத் தானே இறுப்பதாகச் சொன்ன அக்காள் தவறினால், யாதொரு கடனும் வாங்காத தங்கை வீட்டை இழப்பாள். ஒருத்தியின் கூரை மற்றவளின் நாணயத்தின்மேல் நிற்கின்றது. இருவரும் உயிரோடிருக்கும்வரை நம்பிக்கை அக்கூரையைத் தாங்கும். ஒருத்தி இறந்து அவளுடைய பிள்ளைகள் உரித்தாளராகும்போது, தாய் கொடுத்த வாக்கு அவர்கள் காதில் விழுந்திருக்குமா? ஈட்டு உறுதியின் எழுத்தோ அப்போதும் அழியாதிருக்கும்.

இச்சிக்கலுக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, இரண்டு கடன்களையும் இறுத்து, ஈடு மீட்டதற்கான எழுத்தையும் பதிந்தபின் மாற்று உறுதி முடித்தல். இதுவே தூய வழி. ஆனால் கையிற் பணம் வேண்டும். இரண்டாவது, கடன்காரர் இருவரையும் அழைத்து, பழைய பொறுப்பை நீக்கிப் புதியவர் பெயரில் புதிய ஈட்டு உறுதி எழுதுவித்தல். இதற்குக் கடன்காரனின் சம்மதம் இன்றியமையாதது; அவன் மறுத்தால் அவனை வற்புறுத்த முடியாது. புதியவரின் வருமானமும் வயதும் அவன் கண்ணுக்குத் திருப்தியாய் இருத்தல் வேண்டும். மூன்றாவது, ஈடுகளை அப்படியே விட்டு, அவற்றை மாற்று உறுதியிலே வெளிப்படையாகக் கூறி, எக்கடனை எவர் எக்காலத்தில் இறுப்பது, தவறினால் மற்றவர் இறுத்துவிட்டு எவ்வாறு அறவிடுவது என்பவற்றை நிபந்தனைகளாக எழுதுதல். மூன்றும் வழிகளே. நான்காவதாகப் பலரும் மேற்கொள்ளும் வழி ஒன்றுண்டு. கடனைப்பற்றி உறுதியிலே ஒரு சொல்லும் எழுதாது, சகல உரித்தும் என்ற சொற்றொடரோடு முடித்துவிடுதல். அது வழியன்று.

வீடு ஒற்றியில் இருந்தாலோ சிக்கல் வேறு வகையினது. ஒற்றி வீட்டில் குடியிருப்பவன் ஒற்றிக்காரன். அவ்வீட்டை மாற்றிக் கொடுக்கும் உறவினர் உண்மையிற் கொடுப்பது வீட்டையன்று. அதனை மீட்கும் உரிமையையே. மாற்றாகப் பெற்ற வீட்டிற்கு ஒருத்தி உடனே குடிபுக, மற்றவள் மீட்புப் பணம் தேடி நிற்பாள். இதனை அறியாது கைச்சாத்திட்டால், சாவி வாங்கும் நாளிலே உறவு முறியும். கிணற்றுப் பங்கும் அத்தகையதே. வளவு மாறிற்று என்று எழுதிவிட்டு, கிணற்றையும், நீர் வரும் வாய்க்காலையும், வரும் வழியையும் எழுதாது விட்டால், வீடு கிடைத்தும் தண்ணீருக்குப் பங்காளியின் முகம் பார்க்க நேரும். பழைய நொத்தாரிசுமார் நீண்ட உறுதிகளிலே இவற்றை ஒவ்வொன்றாக அடுக்கி எழுதியது சொற்பெருக்கத்துக்காக அன்று.

இனி, இதுகாறும் கூறியவற்றினும் ஆழமான ஒரு கேள்விக்கு வருவோம். அது பெண்ணின் சீதனத்தைப்பற்றியது. மாற்றப்படும் வீடு பெரும்பாலும் சீதன வீடாகவே இருக்கும். சீதனம் மனைவிக்கே தனியாக உரியது. மணவாழ்க்கையில் இருவரும் சேர்த்துத் தேடியது தேடியதேட்டம். அதில் இருவருக்கும் உரிமை உண்டு. கணவன் பட்ட கடனுக்கும் அது இலக்காகலாம். இவ்வேற்றுமையை 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், உரித்துரிமைக் கட்டளைச் சட்டம் வரையறுத்தது. மணவாழ்க்கைக் காலத்திற் பெறுமதி கொடுத்துப் பெற்ற சொத்துத் தேடியதேட்டம் என்று அது கூறிற்று. அப்படியானால், மனைவி தன் சீதனப் பணத்தைக் கொடுத்து வாங்கிய காணி எதுவாகும்? சீதனத்தின் உருமாற்றமே அது, ஆகவே சீதனமே என்று 1920 இல் உச்ச நீதிமன்றம் கருதிற்று. 1933 இல் வேறொரு வழக்கிலே அக்கருத்துத் தள்ளப்பட்டது. சட்டத்தின் சொற்களை நேராகக் கொண்டால், பெறுமதி கொடுத்துப் பெற்றது யாவும் தேடியதேட்டமே என்று தீர்ப்பாயிற்று.

இத்தீர்ப்பின் விளைவை நினைத்துப் பாருங்கள். மாற்றும் ஒன்றைப் பெறுமதியாகக் கொடுத்து மற்றொன்றைப் பெறுவதே. ஆகையால் அதே நியாயம் வீட்டு மாற்றுக்கும் பொருந்துவதாகக் கொள்ள இடமிருந்தது. தாய் தந்தையர் வருந்தித் தேடிக் கொடுத்த வீட்டை, அயலூரிலுள்ள சகோதரியின் வீட்டுக்கு ஒருத்தி மாற்றுகிறாள். ஓலைக் கீற்றொன்றும் கூடவில்லை, குறையவில்லை. ஆயினும் காலையிலே அவளுடைய தனிச் சொத்தாக இருந்தது, மாலையிலே கணவனின் கடன்காரனும் கைவைக்கக்கூடிய பொதுச் சொத்தாகும் ஆபத்து உண்டாயிற்று. இந்நிலை பதினான்கு ஆண்டுகள் நீடித்தது. 1947 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதனை மாற்றிற்று. ஒருவரின் தனிச் சொத்தின் பகுதியாகவோ அதன் உருமாற்றமாகவோ உள்ள பெறுமதியைக் கொடுத்துப் பெற்றது தேடியதேட்டமாகாது என்பது அத்திருத்தத்தின் கருத்து. அதன்பின் சீதன வீட்டுக்கு மாற்றாக வந்த வீடும் அவளுக்கே உரியதாயிற்று.

ஆயினும் இப்பாதுகாப்பு உறுதியின் எழுத்தைப் பொறுத்தே பயன்தரும். தான் கொடுத்தது தன் சீதன வீடு என்று மாற்று உறுதியிலே தெளிவாகக் கூறியிருந்தால், வந்த வீட்டின் இயல்பை எவரும் ஐயுறார். வேற்றுமைப் பணமாகிய 3,000 ரூபாவைக் கணவனும் மனைவியும் சேர்த்த சேமிப்பிலிருந்து கொடுத்திருந்தால், அந்த அளவுக்குக் கேள்வி மீண்டும் பிறக்கும். அதனையும் எழுதி வைத்தல் நன்று. மேலும், 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். அவன் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை நாடலாம். சகோதரிகள் இருவரும் பேசி முடித்த மாற்றுக்கு மைத்துனர் இருவரும் கையொப்பமிட வேண்டியிருப்பது இதனாலேயே. தன் சொத்துக்குத் தான் முழு உரித்தாளியாக இருந்தும், அதனைக் கைமாற்ற மற்றொருவரின் கையெழுத்து வேண்டியிருப்பது நீதியாகுமா என்ற கேள்வியைப் பெண்கள் பல காலமாக எழுப்பி வருகின்றனர். அது நியாயமான கேள்வியே.

அதே 1947 இல் வந்த 59 ஆம் இலக்கச் சட்டம், பழைய முன்வாங்கும் உரிமையைச் சுருக்கிற்று. ஈடு பெற்றிருந்த அயற்காணிக்காரனுக்கு முற்காலத்தில் இருந்த இடம் போயிற்று. கூட்டுடைமையுள்ள பங்காளரும், உரித்தாளராகக்கூடியவரும் எஞ்சினர். அச்சட்டம் விற்பனையைப்பற்றியே பேசுவது. எனினும் பங்குக் காணியிலுள்ள வீட்டை மாற்றுவோர், மற்றப் பங்காளருக்கு அதனை முன்கூட்டியே சொல்லிவிடுதல் மரியாதையும் பாதுகாப்புமாகும். மாற்று என்ற பெயரில் விற்பனையை மறைத்தார்கள் என்ற பழியை வழக்குமன்றம் வரை கொண்டுசெல்ல ஒரு பங்காளியின் கோபம் போதும்.

மூன்றாமவனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள விரும்புபவருக்கும் சட்டம் ஒரு வழி வைத்திருக்கின்றது. 1949 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க ஈட்டுச் சட்டத்தின்படி, ஈடுள்ள காணியில் உரிமை பெற்ற ஒருவர், வழக்கு அறிவித்தல் தமக்கு வந்து சேர வேண்டிய விலாசத்தைக் காணிப் பதிவுக் கந்தோரிற் பதிந்து வைக்கலாம். அவ்வாறு பதிந்தால், அக்காளின் பெயரில் கடன்காரன் தொடரும் ஈட்டு வழக்கு, அவ்வீட்டில் இருக்கும் தங்கைக்குத் தெரியாமல் நடந்து முடியாது. மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவித்தலின் பேரப்பிள்ளை இந்தப் பதிவு என்று சொல்லலாம். செலவு சிறிது, பயன் பெரிது, செய்வோரோ மிகச் சிலர். 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், கடன் தவறிய ஈட்டுச் சொத்தை நீதிமன்றத்துக்குச் செல்லாமலே, பணிப்பாளர் சபையின் தீர்மானத்தின்மேல் ஏலமிடும் அதிகாரத்தை வங்கிகளுக்கு அளித்தது. ஆகையால் வங்கி ஈடுள்ள வீட்டை மாற்றுவோர், வங்கியோடு பேசாது மாற்றுவது முன்னிலும் அபாயமாயிற்று.

இடப்பெயர்வுகளும் போரும் இக்கதைக்கு இன்னொரு அத்தியாயத்தைச் சேர்த்தன. உறுதிகள் எரிந்தன, பெட்டிகள் தொலைந்தன, வீட்டை மாற்றிய இருவரில் ஒருவர் கடல்கடந்து சென்றார். வாய்ப்பேச்சாக மாற்றிய வீடுகளில் எவர் உரித்தாளி என்று காட்டச் சாட்சியும் இல்லாது போயிற்று. இடம்பெயர்ந்தோர் இல்லாத காலத்திலே அவர் காணியில் இருந்தவர், பத்து ஆண்டு ஆட்சியைக் காட்டி உரித்துக் கோரும் நிலையும் தோன்றியது. இதனைத் தணிப்பதற்காகவே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் காலாவதி விசேட ஏற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயல்களால் தம் உரிமையை நாட முடியாதிருந்தோருக்கு எதிராக அக்காலம் கணக்கிடப்படாது என்பது அதன் சாரம். தொலைந்த உறுதிகளுட் பலவற்றின் பிரதியை நொத்தாரிசின் ஏட்டிலிருந்தும் பதிவுக் கந்தோரிலிருந்தும் மீண்டும் பெற முடிந்தது. எழுதாத மாற்றுக்கோ எங்கும் பிரதி இல்லை.

நேயர்களே, மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவித்தலிலிருந்து பதிவுக் கந்தோரின் விலாச ஏடுவரை, நமது காணிச் சட்டம் உறவை ஐயுற்றதில்லை. உறவுக்கு வெளியே நிற்பவனையும், உறவினருக்குப்பின் வருபவரையும் அது நினைவிற் கொண்டது, அவ்வளவே. கடனுள்ள வீட்டை உறவினரோடு மாற்ற எண்ணுவோர் நான்கு காரியங்களைச் செய்வாராயின் போதும். பதிவேட்டைத் தேடிப் பார்த்து ஈடுகள் யாவை என்று அறிதல். கடனைக் கழித்துக் கணக்கை வெளிப்படையாகப் பேசுதல். கடன்காரரின் சம்மதத்தை எழுத்தில் பெறுதல். கொடுத்தது சீதனமா முதுசமா தேடியதேட்டமா என்பதை உறுதியிலே குறித்தல். இவற்றை அந்நியரிடம் மட்டும் கேட்க வேண்டியவை என்று பலர் எண்ணுவர். அந்நியரோடு வழக்கு வந்தால் காணி போகும். உறவினரோடு வழக்கு வந்தால் காணியோடு நல்லதற்கும் கெட்டதற்கும் வந்து நிற்கும் மனிதரும் போவர். ஆகவே உறவு நெருங்கிய இடத்திலேதான் உறுதி தெளிவாக இருத்தல் வேண்டும்.